கட்டிடக் கலைஞரும் நகர வாழ்வும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு இரயிலில் வரும் நேயர்கள், நகரை எட்டுவதற்குச் சற்று முன்பாக வைட்ஃபீல்ட் என்றொரு நிலையத்தைக் கடந்து வந்திருப்பார்கள். பலகணி வழியாகப் பார்ப்போருக்கு இன்று அங்கே தென்படுபவை அடுக்குமாடி வீடுகளும், கண்ணாடி போர்த்த அலுவலகங்களுமே. ஆனால், நிலையத்தை விட்டிறங்கிச் சிறிது தொலைவு சென்றால், வட்டமாக வளைந்து செல்லும் பழந்தெரு ஒன்றைக் காணலாம். ‘இன்னர் சர்க்கிள்’, அதாவது உள்வட்டம், என்பது அதன் பெயர். இரைச்சல் மிகுந்த பெருஞ்சாலைக்கு அருகே இருந்தும், அத்தெருவில் நடப்பவர் தம்மையறியாமல் நடையைத் தளர்த்துவர்.

இவ்வட்டம் தற்செயலாக அமைந்ததன்று. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார், ஆங்கிலோ-இந்தியர் சங்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை வேளாண்மைக் குடியேற்றத்திற்காக வழங்கினார். சங்கத்தின் தலைவராக இருந்த ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கும் வாய்த்தது. நடுவில் வட்டம், அதனைச் சூழ வீடுகள், அப்பால் விளைநிலங்கள் என்பது அக்குடியேற்றத்தின் அமைப்பு. ஊரில் மக்கள் வந்து நிரம்புவதற்கு முன்பே, அவர்கள் எங்கே கூடுவார்கள், எவ்வழியே நடப்பார்கள் என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதே நாம் இங்குக் கருத வேண்டிய செய்தி.

பின்னர் 1990-களில் இவ்வூரின் நிலை அடியோடு மாறிற்று. தொழில் நுட்பப் பூங்கா எழுந்தது. பிற நிறுவனங்கள் தொடர்ந்தன. முதலில் வேலை வந்தது. வேலையைத் தேடி மக்கள் வந்தனர். மக்களைத் தேடி அடுக்குமாடிகள் வந்தன. சாலைகள் அவற்றின் பின்னே மூச்சுவாங்க ஓடிவந்தன. நகர மெட்ரோ இரயில் கடைசியாக, 2023-ஆம் ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. இவ்வூரில் குடியிருக்கும் நாம், அரைமணியில் நடந்து கடக்கக்கூடிய தொலைவை ஒரு மணி நேரம் பேருந்தில் அமர்ந்து கடந்த மாலைகள் பல. நடக்கலாம் என்றால் நடைபாதை இல்லை. ஒரு காலத்தில் திட்டமிட்டு வட்டம் வரைந்த ஊருக்கு ஏன் இந்நிலை? ஒரு நகரம் எவ்வாறு வளர வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பது யாருடைய கடமை?

இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இந்தியக் கட்டிடக் கலைஞரைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் சார்ல்ஸ் கொரியா. கட்டிடங்களை அமைத்தவர், நகர் ஒன்றுக்கு வித்திட்டவர், காட்சிச்சாலைகளை உருவாக்கியவர், நூல்கள் எழுதியவர். இவை நான்கும் வெவ்வேறு தொழில்கள் எனத் தோன்றலாம். அவரைப் பொறுத்தமட்டில் அவை ஒரே பணியின் நான்கு முகங்கள் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கட்டிடக் கலைஞர் என்றதும், வீட்டிற்குப் படம் வரைந்து தருபவர் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். கட்டிடத்தின் சுவருக்கு உட்பட்டவை மட்டுமே அவர் பொறுப்பு என்றும் கருதுகிறோம். ஆனால் சுவருக்கு வெளியே தெரு உண்டு. தெருவோரம் மரம் உண்டு. மரத்தடியில் கடை உண்டு. தெரு சென்று சேரும் சந்தையும் கோயிலும் இரயில் நிலையமும் உண்டு. ஒரு கட்டிடத்திற்கும் மற்றொரு கட்டிடத்திற்கும் இடையே உள்ள வெளியை, மக்கள் நடமாட்டத்தைக் கருதி உருவாக்கும் கலையே நகர வடிவமைப்பு என்பது.

இக்கலை தமிழர்க்குப் புதிதன்று. மதுரை மாநகரை நினைத்துப் பாருங்கள். கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றன் புறத்தே ஒன்றாகச் சதுரங்கள் விரிகின்றன. மாதத்தின் பெயரே வீதியின் பெயர். ஆண்டின் சுழற்சியும், தேரோட்டமும், வாணிகமும், குடியிருப்பும் ஒரே வரைபடத்தில் அடங்கிவிடுகின்றன. சிலப்பதிகாரத்தில் வரும் புகார் நகரிலோ, மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கு நடுவே நாளங்காடி அமைந்திருந்தது. உழைப்போர் வாழும் பகுதியும் செல்வர் வாழும் பகுதியும் சந்திக்கும் இடத்தில் சந்தையை வைத்தது, நகர வடிவமைப்பின் நுட்பம் அறிந்த செயலன்றோ!

கொரியா 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் செகந்திராபாத்தில் பிறந்தார். குடும்பம் கோவாவைச் சேர்ந்தது. பம்பாயில் கல்லூரிக் கல்வியைத் தொடங்கி, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் கட்டிடக்கலை பயின்று 1955-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் தாயகம் திரும்பி, 1958-இல் பம்பாயில் தம் தொழிலகத்தைத் தொடங்கினார். விடுதலை பெற்ற நாடு பள்ளிகளையும் அணைகளையும் ஆலைகளையும் நகரங்களையும் ஒருங்கே கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அவருக்குக் கிடைத்த முதற் பெரும்பணியே ஒரு காட்சிச்சாலைதான். அகமதாபாத்தில், சபர்மதி ஆற்றங்கரையில், அண்ணல் காந்தியடிகள் 1917 முதல் 1930 வரை வாழ்ந்த ஆசிரமத்தில், அவருடைய கடிதங்களையும் ஒளிப்படங்களையும் நூல்களையும் காத்துவைக்க ஒரு நினைவுச் சாலை தேவைப்பட்டது. பணியை ஏற்றபோது கொரியாவுக்கு இருபத்தெட்டு வயது கூட நிரம்பியிருக்கவில்லை எனலாம். உலகம் போற்றிய ஒருவருக்கு நினைவகம் என்றால், விண்ணை முட்டும் மண்டபமும் சலவைக்கல் தூண்களும் எழுப்பவே பலர் முனைந்திருப்பர். அவர் அவ்வாறு செய்யவில்லை. சில அடிகள் தொலைவில் அடிகள் வாழ்ந்த ‘இருதய குஞ்சம்’ என்னும் எளிய வீடு இருக்கிறது. அதனை எள்ளளவும் சிறுமைப்படுத்தாத ஒன்றையே அமைக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் உடைய சிறு சதுரக் கூடங்கள் 51 சேர்ந்ததே அந்நினைவுச் சாலை. செங்கல் தூண்கள், கல் தரை, ஓட்டுக் கூரை, மரக்கதவுகள் ஆகியவையே அதன் பொருள்கள். சாளரங்களில் கண்ணாடி கிடையாது. காற்றையும் ஒளியையும் வேண்டிய அளவு விடும் மரச்சட்டங்களே உண்டு. சில கூடங்கள் சுவரால் சூழப்பட்டவை. சில நாற்புறமும் திறந்தவை. சில, கூரையே இன்றி வானம் பார்த்த முற்றங்கள். நடுவே நீர் நிறைந்த முற்றம் ஒன்றும் உண்டு. ஒரு சிற்றூர்த் தெருவில் உலவுவது போல, பார்வையாளர் ஒரு கூடத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்கிறார், இடையிடையே மரத்தையும் வானத்தையும் காண்கிறார், அமர்கிறார், மீண்டும் படிக்கிறார். 1963-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் பண்டித ஜவாஹர்லால் நேரு இதனைத் திறந்துவைத்தார். தேவைப்படும்போது மேலும் சில கூடங்களைச் சேர்த்துக்கொள்ள இயலும் என்பது இவ்வமைப்பின் மற்றொரு சிறப்பு. வளரக்கூடிய கட்டிடம் என்னும் இக்கருத்தை அவர் பின்னர் வீடுகளுக்கும் கையாண்டார்.

காட்சிச்சாலை என்பது பொருள்களை அடுக்கிவைக்கும் பண்டகசாலை அன்று. எப்பொருளை எதன் பக்கத்தில் வைப்பது, பார்வையாளர் எதை முதலிற் காண்பது, எங்கே அவர் கண்ணுக்கு ஓய்வு தருவது என்று வகுப்பது ஒரு தனிக்கலை. அதனைச் செய்பவரைக் காப்பாட்சியர் என்கிறோம். கொரியா தொழிலால் காப்பாட்சியர் அல்லர். ஆயினும் அக்கலையின் உயிர்நாடி ‘வழி’ என்பதை நன்கு உணர்ந்தவர். தென்னாட்டுக் கோயில்களைப் பற்றி அவர் எழுதியிருப்பது இங்கு நினைவுகூரத் தக்கது. திருவரங்கம் போன்ற பெருங்கோயிலில் கோபுரத்தையும் கருவறையையும் கண்டுவிட்டால் கோயிலைக் கண்டதாகிவிடாது. திருச்சுற்றுகளையும் திறந்த வெளிகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும் அந்நடையே வழிபாடு என்பது அவர் கண்ட உண்மை. நம் பாட்டிமார்கள் பிராகாரம் சுற்றி அறிந்ததையே அவர் கட்டிடக்கலையின் இலக்கணமாகக் கொண்டார்.

போபாலில் 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாரத பவனம் இதற்குச் சான்று. ஏரிக்கரைச் சரிவில் அமைந்த அக்கலைக் கோட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டிடம் இருப்பதே புலப்படாது. மேலிருந்து படிப்படியாக இறங்க வேண்டும். இறங்க இறங்க, தாழ்ந்த முற்றங்களும், அவற்றைச் சூழ்ந்த அரங்குகளும், அப்பால் விரிந்த நீர்ப்பரப்பும் கண்ணுக்குப் புலனாகின்றன. அங்குள்ள கலைக்கூடத்தில், ஓவியர் ஜே. சுவாமிநாதன் பழங்குடி மக்களின் படைப்புகளை நவீன ஓவியர்களின் படைப்புகளோடு சமமாக இடம்பெறச் செய்தார். பழங்குடிக் கலைஞரை ஆராய்ச்சிப் பொருளாகப் பாராமல் கலைஞராகவே ஏற்ற இச்செயல், நம் நாட்டுக் காட்சிச்சாலை வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

தில்லியிலுள்ள கைவினைப் பொருட்காட்சிச்சாலையை அவர் ஒரு தெருவாகவே அமைத்தார். வானம் பார்த்த நடைவழி ஒன்று முற்றங்களினூடே செல்கிறது. அதன் இருமருங்கும் உள்ள கூடங்களில் விரும்பியதற்குள் நுழையலாம். அன்றி, எதிலும் நுழையாமல் நடந்தும் செல்லலாம். குயவரும் நெசவாளரும் பிற கைவினைஞரும் அங்கு வந்து தங்கித் தொழில் செய்து காட்டினர். ஜெய்ப்பூரில் அமைந்த ஜவாஹர் கலா கேந்திரத்திற்கோ, அந்நகரின் வரைபடமே அடிப்படையாயிற்று. 1727-இல் மன்னர் ஜெயசிங் அந்நகரை ஒன்பது சதுரங்களாக வகுத்தபோது, மலை ஒன்று குறுக்கிட்டதால் ஒரு சதுரத்தை இடம்பெயர்த்தார் என்பர். அதனையே பின்பற்றி, ஒன்பது கோள்களுக்கும் ஒவ்வொன்றாக ஒன்பது சதுரங்களை அமைத்து, மூலைச் சதுரத்தைச் சற்றே திருப்பி, அந்த இடைவெளியை வாயிலாக்கினார் கொரியா.

1986-ஆம் ஆண்டில் அவர் பொருட்காட்சி ஒன்றையே தொகுத்தளித்தார். ‘விஸ்தாரா’ என்பது அதன் பெயர். இந்தியக் கட்டிடக்கலை அதன் பொருள். அரச வம்சங்களை வரிசைப்படுத்தி, இது சோழர் காலம், இது முகலாயர் காலம் என்று பலகை மாட்டிவிடுவது எளிது. அதனோடு அமையாமல், ஒவ்வொரு காலத்து மக்களும் உலகத்தை எவ்வாறு கற்பனை செய்தனர், அக்கற்பனை எவ்வாறு கல்லிலும் செங்கல்லிலும் வடிவெடுத்தது என்பதைக் காட்ட அது முயன்றது. இந்திய விழாக்களை ஒட்டி அக்காட்சி அயல்நாடுகளுக்கும் சென்றது.

இனி நகரத்திற்கு வருவோம். இன்று மும்பை எனப்படும் பம்பாய், கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒடுங்கிய நிலப்பகுதி. அலுவலகங்கள் தென்முனையில் குவிந்திருந்தன. மக்களோ வடக்கே மேலும் மேலும் தள்ளிக் குடியேறினர். காலையில் எல்லா வண்டிகளும் தெற்கு நோக்கி நிரம்பி வழியும். மாலையில் எல்லாம் வடக்கு நோக்கி. 1964-ஆம் ஆண்டில் மாநகராட்சி தன் வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அவ்வமயம் கொரியாவும், கட்டிடக் கலைஞர் பிரவீணா மேத்தாவும், பொறியாளர் ஷிரிஷ் பட்டேலும் சேர்ந்து ஒரு மாற்று யோசனையை முன்வைத்தனர். நகரை வடக்கே நீட்டிக்கொண்டே போவதை விடுத்து, துறைமுகத்திற்குக் கிழக்கே, நீருக்கு அப்பாலுள்ள பெருநிலத்தில் புதிய நகரம் ஒன்றை எழுப்புக என்பது அவ்யோசனை. அவ்வாறு செய்தால் ஒரு கோடு போல் இருந்த நகரம், நீரை நடுவே கொண்ட வளையமாக மாறும். போக்குவரத்தும் ஒரே திசையில் நெரிபடாது.

இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? அவர்கள் கூறிய விடை நுட்பமானது. அப்பால் இருப்பது விளைநிலமும் உவர் நிலமும்; விலை குறைவு. அரசு அதனை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால், நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தைத் தனியார் சிலர் விழுங்கிவிடாமல், அதைக் கொண்டே குடிநீரும், சாலையும், பேருந்தும், ஏழைகளுக்கு வீடும் அமைக்கலாம். ‘மார்க்’ என்னும் கலை இதழ் 1965-இல் இத்திட்டத்திற்கெனவே தனியிதழ் வெளியிட்டது. எழுத்து எவ்வாறு நகரத்தைக் கட்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. அரசு திட்டத்தை ஏற்றது. 1970-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ‘சிட்கோ’ என்னும் கழகம் தோன்றிற்று. 95 சிற்றூர்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டர் பரப்பில் நவி மும்பை உருவாகத் தொடங்கிற்று. 1970-களின் முற்பகுதியில் கொரியா அதன் தலைமைக் கட்டிடக் கலைஞராகப் பணியாற்றினார்.

அந்நகரின் பேலாப்பூர்ப் பகுதியில் 1980-களில் அவர் அமைத்த குடியிருப்பைச் சற்று விரிவாகக் காண்போம். ஏழு வீடுகள் ஒரு சிறு முற்றத்தைச் சூழ்ந்திருக்கும். அம்முற்றம் எட்டு மீட்டர் சதுரம். அத்தகைய மூன்று தொகுதிகள், அதாவது 21 வீடுகள், அதனினும் பெரிய முற்றம் ஒன்றைச் சூழ்ந்திருக்கும். இவ்வாறே படிப்படியாகப் பெருகி, முடிவில் ஊர்ப்பொது வெளியும் கடைகளும் வரும். வீட்டு மனைகள் 45 சதுர மீட்டரிலிருந்து 75 சதுர மீட்டர் வரை. வருமானம் பலமடங்கு வேறுபட்டாலும் நிலத்தின் அளவு அவ்வாறு வேறுபடக் கூடாது என்பது அதன் அறம். எவருடைய வீடும் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஆகவே, பிள்ளைகள் பெருகினால், கையில் காசு சேர்ந்தால், அண்டை வீட்டாரின் இசைவை நாடாமல் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். எளிய சுவர்களும் ஓட்டுக் கூரையுமே உடைய அவ்வீடுகளை ஊர்க் கொத்தனாரே கட்டவும், திருத்தவும் இயலும்.

முற்றத்திற்கு அவர் ஏன் இத்துணை இடம் கொடுத்தார்? நம் போன்ற வெப்ப நாட்டில் வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. பகலில் தானியம் உலர்த்துவதும், மாலையில் பேசியிருப்பதும், கோடை இரவில் உறங்குவதும் வானத்தின் கீழேதான். கூரை போட்ட அறைக்குச் சிமெண்டும் செங்கல்லும் வேண்டும். முற்றத்திற்கு நிலம் மட்டும் போதும். ஆதலின் ஏழைக்கு மிக மலிவாகக் கிடைக்கக்கூடிய அறை, கூரையில்லாத அறையே. அவ்வறையையும் பறித்துக்கொண்டு, அவனை உயர்ந்த அடுக்குமாடியில் ஒரு சிறு பெட்டிக்குள் அடைப்பது சிக்கனம் ஆகாது என்று அவர் திரும்பத் திரும்ப வாதிட்டார்.

மத்திய அரசின் ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவிற்கு வருகிறது. வீட்டுவசதி பற்றிய குறிப்புகளில் வீட்டை ‘வீடு’ என்று எழுதுவதில்லை. ‘குடியிருப்பு அலகு’ என்றே எழுதுகிறோம். இத்தனை அலகுகள், ஓர் அலகுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று கணக்கு ஓடும். பல ஆண்டுகள் அச்சொல்லை எழுதிய பின்னரே நமக்கு ஓர் உண்மை உறைத்தது. திண்ணை அந்த அலகினுள் வராது, முற்றம் வராது, துளசி மாடமும் கிணற்றடியும் வாரா. கணக்கில் வராத ஒன்று திட்டத்தில் வருவதில்லை. திட்டத்தில் வராத ஒன்று கட்டப்படுவதில்லை. கொரியா செய்தது, கணக்கில் விட்டுப்போன அந்த வெளியை மீண்டும் கணக்கில் சேர்த்ததே ஆகும்.

அவர் எண்ணியவை யாவும் ஈடேறின என்று சொல்வது உண்மைக்கு மாறாகும். புதிய நகருக்கு அரசு தன் தலைமைச் செயலகத்தையே மாற்றிவிட்டால், மற்ற அலுவலகங்கள் தாமே பின்தொடரும் என்பது திட்டத்தின் அச்சாணி. செயலகம் மாறவில்லை. மாறாக, பழைய நகரின் தென்முனையில் நரிமன் முனையில் கடலைத் தூர்த்து அலுவலக மாடிகள் மேலும் எழுந்தன. வாஷிக்குப் புறநகர் இரயில் 1992-ஆம் ஆண்டில்தான் சென்றது. கழகம் தோன்றி இருபத்திரண்டு ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன. பேலாப்பூர் வீடுகளிலும் பலவற்றை மக்கள் இடித்துப் பெரிய கான்கிரீட் வீடுகளாக்கிக் கொண்டனர். அதனைத் தோல்வி என்பதா, வளர இடம் கொடுத்ததன் பயன் என்பதா என்று இன்றும் அறிஞர் வாதிடுகின்றனர். முற்றங்களின் அமைப்பு மட்டும் நிலைத்திருக்கிறது.

அதனினும் பெரிய ஏமாற்றம் ஆலை நிலங்களைப் பற்றியது. மும்பையின் நடுவே மூடிக்கிடந்த பஞ்சாலைகளின் நிலம் மிகப் பரந்தது. 1991-ஆம் ஆண்டு விதிகளின்படி, அந்நிலத்தைப் புதிய பயனுக்குக் கொணரும்போது மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சிய ஒரு பங்கு உரிமையாளருக்கும் ஆக வேண்டும். 1996-இல் மாநில அரசு அமைத்த ஆய்வுக் குழுவிற்குக் கொரியா தலைமை தாங்கினார். சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்துப் பூங்காக்களும் நடைவழிகளும் உழைப்பாளர் வீடுகளும் அமைக்கலாம் எனக் குழு காட்டிற்று. ஆனால் 2001-இல் விதி திருத்தப்பட்டது. கட்டிடம் இல்லாத காலி நிலத்திற்கு மட்டுமே பங்கீடு என்றாயிற்று. பொதுமக்களின் பங்கு பெரிதும் சுருங்கிப்போயிற்று. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை நிலைநிறுத்தியது. ஒரு விதியில் மாறிய சில சொற்களால், ஒரு நகரம் பெற்றிருக்கக்கூடிய பூங்காக்கள் இல்லாமற் போயின. சொற்களோடு பழகும் நம் போன்றோர் மறக்கலாகாத பாடம் இது.

இத்தகைய அனுபவங்களே அவரை எழுதத் தூண்டின எனலாம். கட்டிடக் கலைஞரை அழைத்துப் பணி கொடுப்பவர் நிலம் உடையவர். ஆனால் நகரத்தில் வாழ்பவருள் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர். அவர்களுக்காகப் பேச வேண்டுமானால், வரைபடம் மட்டும் போதாது, எழுத வேண்டும். 1975-ஆம் ஆண்டில் பம்பாயைப் பற்றி ‘நீர்மேல் நகரம்’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குறும்படத்தைத் திரைப்படப் பிரிவிற்காக இயக்கினார். 1985-இல் ‘புதிய நிலத்தோற்றம்’ எனப் பொருள்படும் நூலில், வளரும் நாடுகளின் நகரங்களைப் பற்றிய தம் கருத்துகளைத் தொகுத்துரைத்தார். 2010-இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதிக்கு ‘நிழலில் ஓர் இடம்’ என்று பொருள்படப் பெயரிட்டார். வெயில் நாட்டில் பிறந்தவருக்கன்றி அப்பெயர் தோன்றாது. 1984-இல் பம்பாயில் நகர வடிவமைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றையும் நிறுவினார்.

1985-ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய நகரமயமாதல் குழுவை அமைத்து, அதன் தலைமைப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. 1988-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, நான்கைந்து மாநகரங்களையே மக்கள் நாடி வந்து குவிவதைத் தவிர்க்க, நாடெங்கும் 329 ஊர்களை வளர்ச்சிக்குரிய மையங்களாகக் குறித்தது. சிற்றூரை விட்டு வரும் உழவருக்கு அருகிலேயே ஒரு நகரம் இருக்குமாயின், அவர் ஆயிரம் மைல் கடந்து சென்று பாலத்தடியில் குடியிருக்க வேண்டியதில்லை. நகருக்கு வருவோர் சுமையல்லர். அவர்களின் உழைப்பே நகரத்தின் செல்வம் என்பது கொரியாவின் உறுதியான கொள்கை.

நாடு அவருக்கு 1972-இல் பத்மஸ்ரீ விருதையும், 2006-இல் பத்ம விபூஷண் விருதையும் அளித்தது. 1984-இல் பிரிட்டிஷ் கட்டிடக் கலைஞர் கழகத்தின் அரச தங்கப் பதக்கமும் அவரைச் சேர்ந்தது. பெங்களூரின் வடபுறத்தில் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு அறிவியல் ஆராய்ச்சி மைய வளாகமும் அவர் படைப்பே. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் நாள் மும்பையில் அவர் மறைந்தார்.

நேயர்களே, மீண்டும் வைட்ஃபீல்டுக்குத் திரும்புவோம். வேலையும், வீடும், போக்குவரத்தும் ஒரு வண்டியின் மூன்று சக்கரங்கள். அவற்றுள் ஒன்று முன்னே ஓடி, மற்றவை பின்தங்கினால் வண்டி குடைசாயும். நவி மும்பையில் வீடு முன்னே வந்தது. வேலையும் இரயிலும் பின்தங்கின. நம் வைட்ஃபீல்டிலோ வேலை முன்னே வந்தது. நடைபாதையும் இரயிலும் பின்தங்கின. குறை வேறு; காரணம் ஒன்றே. மூன்றையும் சேர்த்து எண்ணும் பொறுப்பை, உரிய காலத்தில், உரியவரிடம் நாம் ஒப்படைக்கவில்லை.

மெட்ரோ இரயில் வந்துவிட்டது, நல்லதே. ஆயினும் நிலையத்தின் வாயிலிலிருந்து வீட்டு வாயில் வரை ஒரு முதியவரோ, பள்ளிச் சிறுமியோ அச்சமின்றி நடந்து செல்ல நிழலான வழி அமையும் வரை, அப்பணி முற்றுப்பெற்றதாகாது. அதனை அமைக்கக் கோடிகள் வேண்டா. மரமும், மேடான பாதையும், சிறிது பொதுவெளியும் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவை வேண்டும் என்று கேட்கும் குடிமக்கள் வேண்டும். 1964-இல் மாநகராட்சி கருத்துக் கேட்டபோது மூவர் எழுதியனுப்பிய யோசனையிலிருந்தே ஒரு நகரம் பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. நம் ஊரின் வளர்ச்சித் திட்டம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும்போது, அதனை விரித்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

உள்வட்டத் தெருவில் இன்றும் மாலை வேளைகளில் சிலர் உலவுகின்றனர். 1882-இல் ஒருவர் வரைந்த கோடு, நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்களுக்கு வழிகாட்டுகிறது. நாம் இன்று வரையும் கோடுகளும் அவ்வாறே நெடுங்காலம் நிற்கும். அவற்றின் மேல் நடக்கப் போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள் என்னும் நினைவு நமக்கு இருக்குமாயின், அக்கோடுகள் நேராகவே அமையும்.